ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்: பேஜ்மேக்கர் வேலைக்கு விர்ச்சுவல் பாக்ஸ் தாங்குமா?

கேள்வி – 9 மார்ச் 2025

அண்ணா, சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். அப்பா காலத்துப் பேஜ்மேக்கர் (பக்கம் கட்டும் பழைய மென்பொருள்) கோப்புகள் எல்லாம் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் கிடக்கின்றன. அது ஒரு நாள் எழுந்தால் மறுநாள் எழுவதில்லை. கடையில் இன்னொரு கணினி இருக்கிறது: விண்டோஸ் 10, 8 ஜிபி ராம். அதிலேயே எக்ஸ்பியையும் வைத்துக்கொள்ள வேண்டும். விர்ச்சுவல் மெஷின் (ஓர் இயங்குதளத்துக்குள் இன்னொன்றை மென்பொருளால் ஓட்டுவது) எல்லாம் மாணவர்கள் விளையாடத்தான், தொழிலுக்கு டூயல் பூட்தான் சரி என்று கணினி சரிபார்க்க வந்தவர் சொல்கிறார். உண்மையா?

பதில் – 9 மார்ச் 2025, இரவு

உண்மை இல்லை. 1998 முதல் டிடிபி கடை நடத்துகிறேன். கடந்த ஏழு வருடமாக என் பழைய கோப்புகள் அத்தனையும் விர்ச்சுவல் மெஷினில்தான் திறக்கின்றன. அதை ஓட்டித் தரும் மென்பொருள்தான் விர்ச்சுவல் பாக்ஸ்.

டூயல் பூட் என்றால் இரண்டு இயங்குதளமும் ஒரே கணினியில் இருக்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். எக்ஸ்பியில் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும்போது வாட்ஸப்பில் புரூப் திருத்தம் வந்தால், மூடி, அணைத்து, மறுபடி ஏற்றி, பார்த்து, திரும்ப வரவேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை இதைச் செய்ய முடியுமா? இன்னொன்று, புதிய கணினிகளில் எக்ஸ்பியை நேரடியாக நிறுவுவதே பெரும்பாடு. 2001ல் வந்த இயங்குதளம் அது. இன்றைய டிஸ்க், டிஸ்ப்ளே, வைஃபை எதற்கும் அதனிடம் டிரைவர் கிடையாது. விர்ச்சுவல் மெஷினில் அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய வன்பொருளையே மென்பொருள் நடித்துக் காட்டுகிறது.

எளிதாகச் சொன்னால் ஒண்டுக்குடித்தனம். வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு. உங்கள் விண்டோஸ் 10 வீட்டுக்காரர், எக்ஸ்பி குடிவந்தவர். ராம், டிஸ்க் எல்லாம் வீட்டுக்காரர் அளந்து கொடுப்பதுதான். 8 ஜிபியில் எக்ஸ்பிக்கு 1 ஜிபி கொடுங்கள், அதற்கு அதுவே தாராளம்.

10 மார்ச் 2025

முதலில் இதைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியூ. கீழே "விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்" என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பயாஸில் (கணினி எழும்போதே வரும் அமைப்புத் திரை) போய் இயக்க வேண்டும். இன்டெல் என்றால் விடி-எக்ஸ் அல்லது இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்று இருக்கும். ஏஎம்டி போர்டுகளில் பெரும்பாலும் எஸ்விஎம் மோடு. இந்தப் பெயர் தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க ஏஎம்டி பயாஸில் தேடியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். விர்ச்சுவல் பாக்ஸ் 6.1 முதல் இந்த வசதி இல்லாத பிராசசரில் ஓடவே ஓடாது.

12 மார்ச் 2025

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளும்.

விர்ச்சுவல் மெஷின் என்பது எல்லாவற்றையும் மொழிபெயர்த்து ஓட்டுவது இல்லை. உள்ளே இருக்கும் இயங்குதளத்தின் கட்டளைகளில் பெரும்பகுதி நேராகப் பிராசசரில்தான் ஓடுகிறது. வேகம் குறையாததற்குக் காரணம் அதுதான். "நினைவகத்தை நான் பிரிக்கிறேன்", "டிஸ்கை நான் தொடுகிறேன்" என்று வீட்டுக்காரர் உரிமையில் கைவைக்கும் கட்டளைகளை மட்டும் பிடித்து நிறுத்தி, பதிலுக்கு வேறு வேலை செய்து கொடுத்தால் போதும். இது எந்தப் பிராசசரில் சாத்தியம் என்பதை 1974லேயே போப்பெக், கோல்ட்பர்க் இருவரும் கணித முறையில் எழுதிவிட்டார்கள். அதற்கும் முன்பே ஐபிஎம்மின் பெரிய கணினிகளில் இது நடைமுறையில் இருந்தது. 1972ல் விஎம்/370 விற்பனைக்கே வந்துவிட்டது.

நம் மேஜையில் இருக்கும் எக்ஸ்86 வகைப் பிராசசர்தான் முரண்டு பிடித்தது. பென்டியத்தில் 17 கட்டளைகள் இந்த விதிக்குள் அடங்கவில்லை. நிறுத்திக் கேட்க வேண்டிய இடத்தில் சத்தமில்லாமல் தப்பான விடை கொடுத்துவிட்டுப் போகும். 1999ல் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் வந்தபோது, அந்தக் கட்டளைகளை மட்டும் ஓடும்போதே மாற்றி எழுதி இந்தச் சிக்கலைத் தாண்டியது. அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை. அப்புறம் 2005ல் இன்டெல், 2006ல் ஏஎம்டி இரண்டும் பிராசசருக்குள்ளேயே வசதி செய்துவிட்டன. பயாஸில் நீங்கள் இயக்குவது அதைத்தான்.

12 மார்ச் 2025, பின்னிரவு

ஒரு நண்பர் என் ஒண்டுக்குடித்தன உவமையைத் திருத்தியிருக்கிறார். ஒண்டுக்குடித்தனத்தில் குழாயும் குளியலறையும் பொது. விர்ச்சுவல் மெஷினில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கர்னல் (இயங்குதளத்தின் உட்கரு), தனிச் சமையலறை. அதனால் அது அடுக்குமாடி வீடு, ஒரே கர்னலைப் பங்கிட்டுக்கொள்ளும் டாக்கர் கன்டெய்னர்தான் ஒண்டுக்குடித்தனம் என்கிறார். அவர் சொல்வதுதான் சரி. ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன், குழாயடிச் சண்டை நினைவிருந்தும் எனக்கு இது தோன்றவில்லை. டாக்கரில் எக்ஸ்பியைக் குடிவைக்க முடியாததற்கும் இதுவே காரணம். லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தின் சமையலறையில் எக்ஸ்பி சமைக்காது.

23 மார்ச் 2025

கேள்வி கேட்டவர் நிறுவிவிட்டாராம், ஆனால் "நகர்கிறது, ஓடவில்லை" என்கிறார். விர்ச்சுவல் பாக்ஸ் ஜன்னலின் கீழ் வரிசையில் வலது பக்கம் பாருங்கள் தம்பி. பச்சை நிறத்தில் சின்ன ஆமை இருக்கிறதா?

ஆமை இருந்தால் விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி ஏற்கனவே பிராசசரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல் பாக்ஸ் அதன் வழியாகக் கெஞ்சிக் கேட்டு ஓடுகிறது என்று பொருள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போட்டிருந்தாலும் இப்படி ஆகும், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசலேஷனுக்குள் மெமரி இன்டெக்ரிட்டி இயங்கினாலும் ஆகும். அது பாதுகாப்புக்காக இருக்கிற வசதி, அதனால் யோசித்து நிறுத்துங்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால்தான் என் கடைக் கணினியில் லினக்ஸை வீட்டுக்காரராக வைத்தேன். ஆமை போய்விட்டது.

24 மார்ச் 2025

ஆமை இருந்ததாம். நிறுத்தியதும் எக்ஸ்பி இருபது நொடியில் திறக்கிறதாம்.

6 ஏப்ரல் 2025

பழைய கணினியின் டிஸ்கை அப்படியே விர்ச்சுவல் மெஷினாக மாற்ற முடியுமா என்று கேட்கிறார். முடியும். நான் செய்தது இது.

பழைய பென்டியம் 4 பெட்டியிலிருந்து 40 ஜிபி ஐடிஇ (பழைய வகை இணைப்பு) டிஸ்கைக் கழற்றினேன். யூஎஸ்பி மாற்றி ஒன்றில் மாட்டி, லினக்ஸில் டிடி கட்டளையால் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை ஒரே கோப்பாக நகல் எடுத்தேன். அந்தக் கோப்பை விர்ச்சுவல் பாக்ஸோடு வரும் விபாக்ஸ்மேனேஜ் கருவி விடிஐ (விர்ச்சுவல் பாக்ஸின் டிஸ்க் கோப்பு) ஆக மாற்றிக் கொடுத்தது. புது மெஷினில் மாட்டி இயக்கினேன். விண்டோஸ் சின்னம் வந்தது, உடனே நீலத்திரை: 0x0000007B.

பயப்படாதீர்கள், கோப்பு எதுவும் போகவில்லை. எக்ஸ்பிக்குப் பழைய போர்டின் டிஸ்க் கன்ட்ரோலர் மட்டும்தான் தெரியும். புதுப் பெட்டியில் கண் விழித்ததும் வீட்டு வாசல் எங்கே என்று தெரியாமல் திகைக்கிறது, அவ்வளவுதான். இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, விர்ச்சுவல் மெஷினில் டிஸ்கைப் புதிய வகை இணைப்பான சாட்டாவில் மாட்டாமல் ஐடிஇயில் மாட்ட வேண்டும். எக்ஸ்பியிடம் சாட்டா ஏஹெச்சிஐ டிரைவர் கிடையாது. இரண்டு, மெர்ஜ்-ஐடிஇ என்ற சின்ன ரெஜிஸ்ட்ரி திருத்தம். பழைய கணினி எழுந்திருக்கும் நாளில் அதிலேயே இதை ஓட்டிவிட்டு அப்புறம் நகல் எடுப்பது நல்லது. இவ்வளவும் செய்தும் எனக்குப் பாதியில் நின்றது. மெஷின் அமைப்பில் ஐஓ ஏபிஐசி என்பதை டிக் செய்தேன், எழுந்துகொண்டது.

2006ல் நான் வைத்த வால்பேப்பரோடு அந்த மேஜைத்திரை வந்து நின்றதும் கடையில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

7 ஏப்ரல் 2025

உரிமம் பற்றி நேற்று எழுத மறந்துவிட்டேன். கணினியோடு ஒட்டிவந்த ஓஇஎம் எக்ஸ்பி உரிமம் அந்தப் பெட்டிக்கு மட்டுமானது, அதை இன்னொன்றுக்கு நகர்த்த இடமில்லை. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய சிடி உரிமம் இருந்தால் அதைப் போடுங்கள். அதே போல, விர்ச்சுவல் பாக்ஸ் மூலப் பொதி எல்லோருக்கும் இலவசம், எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் பொதி சொந்த உபயோகம், படிப்பு போன்றவற்றுக்கு மட்டும் இலவசம். கடையில் போடக் காசு கட்ட வேண்டும். நமக்கு அது பெரும்பாலும் தேவையும் இல்லை. 7.0 பதிப்பிலிருந்து யூஎஸ்பி 2, யூஎஸ்பி 3 இரண்டும் மூலப் பொதியிலேயே வந்துவிட்டன.

யூஎஸ்பியை ஏன் இழுக்கிறேன் என்றால், டாங்கிள், அதாவது மென்பொருளைத் திறக்கும் சாவிக் கருவி. தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் பலவும் டாங்கிள் செருகினால்தான் திறக்கும். யூஎஸ்பி டாங்கிள் என்றால் டிவைசஸ் மெனுவில் அதை எக்ஸ்பிக்குக் கொடுத்துவிடலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் தங்கள் பெயரைச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி வர வேண்டும், இல்லையென்றால் பட்டியல் காலியாக இருக்கும். பழைய பிரின்டர் போர்ட்டில் மாட்டும் டாங்கிள் என்றால் எனக்கு வழி கிடைக்கவில்லை. யூஎஸ்பி மாற்றி வாங்கிப் பார்த்தேன், வேலை செய்யவில்லை.

20 ஏப்ரல் 2025

நெட்வொர்க் அடாப்டரை அணைத்துவிடுங்கள். எக்ஸ்பிக்கு 8 ஏப்ரல் 2014ஓடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பக்கம் கட்ட இணையம் எதற்கு? கோப்புகளை உள்ளே வெளியே கொண்டுபோக ஷேர்ட் ஃபோல்டர் (இரண்டு பக்கமும் தெரியும் பொதுக் கோப்புறை) போதும். அதற்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்துவிட்டால் எக்ஸ்பியில் இன்னொரு டிரைவ் மாதிரியே தெரியும்.

18 மே 2025

இன்று ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற மாதம் வேறொருவருக்குப் பதில் சொல்லும்போது "ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால் கவலையே இல்லை" என்று எழுதினேன். அதை நம்பாதீர்கள்.

ஸ்னாப்ஷாட் என்பது முழு நகல் இல்லை. எடுத்த நேரத்திலிருந்து மாறியவற்றை மட்டும் தனிக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அடுத்து ஒன்று எடுத்தால் அதன் மேல் இன்னொரு கோப்பு. அடியில் இருக்கும் மூலக் கோப்பு கெட்டால் மேலே இருப்பவை எல்லாம் வெறும் காகிதம். என்னிடம் பதினோரு ஸ்னாப்ஷாட் சேர்ந்து டிஸ்க் நிறைந்துவிட்டது. வியாழக்கிழமை பழையதை அழிக்கக் கொடுத்தேன். அழிப்பது என்றால் மாற்றங்களை மூலக் கோப்போடு சேர்ப்பது, நேரம் பிடிக்கும். பாதி ஓடும்போது கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. திரும்ப வந்தபோது எக்ஸ்பி எழவில்லை.

மெஷினை அணைத்துவிட்டு வெளி டிஸ்கில் எடுத்து வைத்த முழு நகல் ஒன்று இருந்தது, ஆனால் மூன்று நாள் பழையது. ஒரு கோயில் தல வரலாற்றுப் புத்தகத்தின் திருத்தங்கள், இரண்டு நாள் உழைப்பு, போய்விட்டது. புரூப் தாளில் சிவப்பு மையில் திருத்தம் இருந்ததால் மறுபடி உட்கார்ந்து அடித்தேன். இப்போது தினமும் கடை மூடும் முன் அன்றைய கோப்புகளை வெளியே எடுத்துவிடுகிறேன். வாரம் ஒருமுறை மெஷினை முழுக்க அணைத்து, அந்தக் கோப்புறையை அப்படியே வெளி டிஸ்குக்கு நகல் எடுக்கிறேன். ஸ்னாப்ஷாட் இப்போது ஒன்றே ஒன்று. புது மென்பொருள் போடும் முன் எடுத்து, நன்றாக இருந்தால் மறுநாளே அழித்துவிடுவேன்.

யூபிஎஸ் பேட்டரியும் மாற்றியாகிவிட்டது.

1 ஜூன் 2025

அந்தத் தல வரலாறு பற்றிச் சொல்ல வேண்டும், கேள்வி கேட்டவருக்கும் இதே பிரச்சினை வரும். 2004ல் நான் பக்கம் கட்டிய புத்தகம். கும்பாபிஷேகத்துக்கு இரண்டாம் பதிப்பு வேண்டும் என்று கோயிலிலிருந்து வந்தார்கள். 96 பக்கம், டெமி 1/8 அளவு. கோப்பைத் திறந்தேன். "பேனோஸ்" என்று தலைப்பிட்ட ஒரு பெட்டி வந்தது. இந்த எழுத்துரு இல்லை, பதிலுக்கு இதைப் போடட்டுமா என்று பேஜ்மேக்கர் கேட்கிற பெட்டி. அதில் அவசரப்பட்டு ஓகே கொடுத்துச் சேமித்துவிடாதீர்கள். மூடிவிட்டு, அந்த எழுத்துருவைத் தேடி நிறுவிவிட்டு அப்புறம் திறங்கள்.

எழுத்து சரியாக வந்தது. ஆனால் 43ஆம் பக்கத்தில் கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்திருந்தது. அச்சான புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், வரி முறிவுகள் அங்கங்கே ஒரு சொல் தள்ளி நின்றன. டாக்குமென்ட் செட்டப்பில் "கம்போஸ் டு பிரின்டர்" என்று ஒன்று உண்டு. எந்த பிரின்டரின் கணக்கில் வரிகளைக் கட்டுவது என்று சொல்லும் இடம் அது. 2004ல் எந்த பிரின்டரை வைத்துக் கட்டினேனோ அது புது எக்ஸ்பியில் இல்லை. அதே வகைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டரை, கருவி இல்லாவிட்டாலும் டிரைவராக மட்டும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தேன். வழிந்த வரி 43க்கே திரும்பி வந்து உட்கார்ந்தது.

அச்செடுக்கவும் அதே வழிதான். எக்ஸ்பியில் பிரின்ட் டு ஃபைல் கொடுத்துப் போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை பிரின்டருக்கு விவரிக்கும் மொழி) கோப்பாக எடுக்கிறேன், ஷேர்ட் ஃபோல்டரில் போடுகிறேன், லினக்ஸில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதைப் பிடிஎஃப் ஆக்குகிறது. பிடிஎஃப் கையில் வந்துவிட்டால் இன்றைய பிரின்டர் எதிலும் டிரேசிங் (அச்சுத் தகடு செய்ய உதவும் தாள்) எடுக்கலாம்.

15 ஜூன் 2025

"எல்லாம் சரி, ஏன் இன்னும் பேஜ்மேக்கர்? யூனிகோடுக்கு மாறிவிட வேண்டியதுதானே?" என்று ஒருவர் சற்றுக் கோபமாகவே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இரண்டு நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

புது வேலை எல்லாம் யூனிகோடு என்ற பொதுக் குறிமுறையில்தான் செய்கிறேன். 2010லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்று அறிவித்துவிட்டது, பின்னால் போக எனக்கு ஆசையில்லை. ஆனால் பழைய கோப்புகளுக்கு வேறு கணக்கு. பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களில்தான் அன்று அடித்தோம். எக்ஸ்பியில் பாமினி என்ற அப்படிப்பட்ட எழுத்துருவில் "அம்மா" என்று நான் பார்ப்பதை நகலெடுத்து லினக்ஸில் ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஐந்து குறிகள் வந்து விழுகின்றன. டேம், டேப், டிஸ்கி என்று ஒவ்வொரு எழுத்துருக் குடும்பத்துக்கும் ஒவ்வொரு கணக்கு. எந்தக் கோப்பு எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய, அந்தப் பழைய திரை வேண்டும்.

அதனால் என் மனம் கொஞ்சம் மாறியிருக்கிறது. எக்ஸ்பி மெஷினைப் பத்திரமாக வைத்திருந்தால் கோப்புகள் பிழைத்துவிடும் என்றுதான் ஏழு வருடமாக நினைத்திருந்தேன். நான் இருக்கும்வரை பிழைக்கும். எனக்குப் பிறகு இந்தக் கடையில் உட்காருகிறவர் பாமினி விசைப்பலகையை ஏன் கற்றுக்கொள்ளப் போகிறார்? இப்போது வாரம் ஒரு புத்தகம், எக்ஸ்பியில் திறந்து, உரையை வெளியே எடுத்து, யூனிகோடுக்கு மாற்றி, பக்கத்தில் பிடிஎஃப் வைத்து ஒப்பிட்டுச் சேமிக்கிறேன். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் பாமினி, டேம், டேப், டிஸ்கி எல்லாவற்றுக்கும் மாற்றிகள் இருக்கின்றன. ஒரே கோப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் மட்டும் கவனம், மாற்றி ஆங்கிலத்தையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும்.

16 ஜூன் 2025

எம்1 மேக்கில் இதெல்லாம் ஓடுமா என்று கேட்டவருக்கு: அதன் பிராசசர் ஆர்ம் வகை. எக்ஸ்பியை நேராக ஓட்டாது, யூடிஎம் போன்ற மென்பொருள்களில் முழுக்க எமுலேஷன் (கட்டளைகளை மொழிபெயர்த்து ஓட்டுவது) செய்துதான் ஓட்ட வேண்டும். மார்ச்சில் எழுதினேனே, கட்டளைகள் நேராகப் பிராசசரில் ஓடுவதால்தான் வேகம் என்று, அந்த அனுகூலம் இங்கே கிடையாது. கோப்பைத் திறந்து பார்க்கலாம். நாள் முழுக்க உட்கார்ந்து பக்கம் கட்ட முடியாது.

28 செப்டம்பர் 2025

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கர்னல் 6.14க்கு ஏற்றினேன், மறுநாள் காலை விர்ச்சுவல் பாக்ஸ் திறக்கவில்லை. வேறு ஒன்று விடி-எக்ஸைப் பிடித்து வைத்திருக்கிறது என்று செய்தி. மார்ச்சில் தம்பிக்கு வந்த ஆமைக் கதைதான், இங்கே பிடித்து வைத்திருப்பது லினக்ஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம். 6.12 முதல் கேவிஎம் மாட்யூல் ஏறியவுடனே அந்த வசதியை எடுத்துக்கொள்கிறது. முன்பெல்லாம் தேவைப்படும்போதுதான் எடுக்கும். கேவிஎம் இன்டெல் மாட்யூலை இறக்கியதும் சரியாகிவிட்டது. லினக்ஸ் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பதுபோல் அன்று எழுதியது முழு உண்மை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விர்ட்-மேனேஜர் என்ற கருவி வழியாகக் கேவிஎம்மிலேயே எக்ஸ்பியை ஓட்டிப் பார்த்தேன். டிஸ்கை ஐடிஇ ஆக வைத்தால் ஓடுகிறது, வேகமும் குறையவில்லை. டாங்கிளும் எடுத்துக்கொண்டது. புதிதாகத் தொடங்குகிறவர் லினக்ஸில் இருந்தால் அதையே பாருங்கள் என்று இப்போது சொல்வேன். எனக்குக் கை பழகிவிட்டது.

15 அக்டோபர் 2025

நேற்றோடு விண்டோஸ் 10 சப்போர்ட் முடிந்தது. கேள்வி கேட்ட தம்பி பயந்துபோய்க் கூப்பிட்டார். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லான டிபிஎம் 2.0 அவர் கணினியில் இல்லை, அதனால் 11 ஏறாது. லினக்ஸ் வைத்துவிடுங்கள் என்றேன். விர்ச்சுவல் மெஷின் கோப்புறையை வெளி டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளச் சொன்னேன். லினக்ஸ் போட்டார், விர்ச்சுவல் பாக்ஸ் போட்டார், மெஷினின் அமைப்பு இருக்கும் விபாக்ஸ் கோப்பை ஆட் கொடுத்தார். எக்ஸ்பிக்கு வீடு மாறியதே தெரியவில்லை. அப்பா கடைசியாகத் திறந்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைக் கோப்பு ரீசன்ட் பட்டியலில் அப்படியே இருந்ததாம்.

உடனே மாற முடியாதவர்கள் ஒரு வருடக் கூடுதல் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பதிந்துகொள்ளலாம். அது 13 அக்டோபர் 2026 வரை வரும்.

9 நவம்பர் 2025

தல வரலாறு இரண்டாம் பதிப்பு அச்சாகி வந்துவிட்டது. கடைசிப் புரூப்பைப் பார்த்த கோயில் நிர்வாகி 71ஆம் பக்கத்தில் ஒரு இடத்தைச் சுட்டினார். "கோபுரம்" என்பதில் துணைக்கால் விழுந்து "கேபுரம்" என்று நின்றது. மாற்றியில் வந்த பிழையோ என்று பயந்து எக்ஸ்பியில் மூலக் கோப்பைத் திறந்தேன். அங்கேயும் அப்படியே. முதல் பதிப்பு அச்சுப் பிரதியை எடுத்துப் பார்த்தோம், அதிலும் அப்படியே. 2004ல் விட்டது. பேஜ்மேக்கரில் ஒன்று, யூனிகோடு கோப்பில் ஒன்று என்று இரண்டு இடத்திலும் துணைக்காலைப் போட்டேன்.